ஊல்டியாவின் ஊற்று



கடந்த ஞாயிறு ஆராதனையில் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். ஆபிரகாமின் துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டு மூடியதையும், ஈசாக்கு அவற்றைத் திரும்பவும் தோண்டி, தகப்பன் வைத்த பழைய பெயர்களையே வைத்ததையும் பார்த்தோம். ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தபோது, ரயில்வேயில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வுபெற்ற நம் அண்ணாச்சி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஐயா, கெணத்த மண்ணப் போட்டு மூடுனவனப் பத்திச் சொன்னீங்க. குடிச்சே வத்த வச்சவனப் பத்தி வேதத்துல எங்கயாவது இருக்கா?" என்றார். நீராவி என்ஜின் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போனபின்தான், இறையியல் கல்லூரி நாட்களில் மிஷன் வரலாற்றுக்காக வாசித்த ஓர் ஊரின் பெயர் நினைவுக்கு வந்தது. ஊல்டியா. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், பாலைவன ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி முளைத்த ஒரு சின்னஞ்சிறு குடியிருப்பு. இன்று அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. அந்த ஊரின் கதையை இந்த வாரம் எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தை மனக்கண்ணால் பாருங்கள். மேற்கே நல்லார்பர் சமவெளி. அந்தப் பெயருக்கு இலத்தீன் மொழியில் 'மரமே இல்லாதது' என்று பொருள். சுண்ணாம்புக்கல் தரை, பெய்கிற கொஞ்ச மழையையும் பாறை வெடிப்புகள் விழுங்கிவிடும். அந்தச் சமவெளி தொடங்கும் கிழக்கு ஓரத்தில் சிவந்த மணற்குன்றுகள் இருக்கின்றன. நம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தேரி மணல் மழையை உறிஞ்சிக்கொண்டு அடியில் சேர்த்துவைப்பது போல, ஊல்டியாவின் குன்றுகளும் மழைநீரை உள்வாங்கி, அடியில் இருந்த ஒரு களிமண் படுகையின் மேல் தாங்கி வைத்திருந்தன. மேலே பார்த்தால் வெறும் மணல்தான். கையால் பறித்தால் ஊறிவரும் நல்ல தண்ணீர். நாம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோமே, அப்படித்தான்.

சுற்றிலும் வறண்ட அந்த நிலத்தில், கோடையிலும் பொய்க்காத ஊற்று அது ஒன்றே என்று சொல்லத்தக்க நிலை. ஆகவே எண்ணற்ற தலைமுறைகளாகப் பாலைவனத்தின் பல குலத்தார் அங்கே கூடினார்கள். பண்டங்களை மாற்றிக்கொண்டார்கள், திருமணம் பேசினார்கள், தங்கள் சடங்குகளை நடத்தினார்கள். வடக்கே சிவந்த மணல்நாட்டிலிருந்தும் தெற்கே கடலோரத்திலிருந்தும் வந்த பாதைகள் அங்கே சந்தித்தன. பாலைவன மக்கள் தங்களை 'அணங்கு' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு மனிதர் என்றே பொருள். நம் இலக்கியத்து அணங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. தண்ணீரை அவர்கள் 'கபி' என்பார்கள். 1875-இல் எர்னெஸ்ட் கைல்ஸ் என்ற ஆய்வுப்பயணி ஒட்டகங்களோடு அந்த வழியாக மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்றபோது, அந்த ஊற்றருகே தங்கி இளைப்பாறித்தான் போனார்.

இனி ரயில் வந்த கதை. 1901-இல் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒரே கூட்டரசாக இணைந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவோ மற்றவர்களிடமிருந்து பாலைவனத்தால் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. கிழக்கிலிருந்து அங்கே போகக் கப்பல்தான் வழி. கூட்டரசில் சேர்ந்தால் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஊட்டப்பட்டிருந்தது. அந்தப் பாதையின் வேலை 1912-இல் போர்ட் அகஸ்டாவில் தொடங்கியது. மறுமுனையாகிய கல்கூர்லி என்ற தங்கச் சுரங்க நகரத்திலிருந்தும் இன்னொரு கூட்டம் கிழக்கு நோக்கி வந்தது. மொத்த நீளம் 1,693 கிலோமீட்டர். ஏறக்குறைய 25 லட்சம் மரக்கட்டைகள் தண்டவாளத்துக்கு அடியில் இடப்பட்டன. மனிதரோடு குதிரைகளும் ஒட்டகங்களும் பாடுபட்டன. 1917 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் ஒன்றையொன்று சந்தித்தன. சந்தித்த இடம் ஊல்டியா. அங்கிருந்து சற்று மேற்கே தொடங்கும் பாதை 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது. உலகிலேயே மிக நீளமான நேர் ரயில் பாதை அது என்பார்கள்.

பொறியாளர்கள் பெருமைப்பட வேண்டிய சாதனைதான். நானும் சிறு வயதில் தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருகிறதா என்று கேட்டு வளர்ந்தவன். ரயிலைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த 1,693 கிலோமீட்டரில் வற்றாத ஆறு ஒன்றைக்கூட அந்தப் பாதை கடப்பதில்லை. நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். அதுவும் நல்ல தண்ணீர் வேண்டும். வழியெங்கும் ஆழ்துளையிட்டுப் பார்த்தார்கள். கிடைத்த தண்ணீர் பெரும்பாலும் உப்பு. உப்புநீர் கொதிகலனை அரித்தும் படிந்தும் கெடுத்துவிடும் என்பதை அண்ணாச்சி நமக்குச் சொல்லித் தருவார். 1951-இல் டீசல் என்ஜின்கள் வரும்வரை இந்தத் தொல்லை தீரவில்லை. அந்த நெருக்கடியில் இனிய தண்ணீர் இருந்த இடமாக ரயில்வே கண்டது, தண்டவாளத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊல்டியா ஊற்றை.

கையால் பறித்துக் குடித்த இடத்தில் கிணறுகள் இறங்கின. நீரேற்றும் இயந்திரம் வந்தது, குழாய் வந்தது. ஊற்று நீர் நிலையத்தின் தொட்டிக்குப் போய் அங்கிருந்து என்ஜின்களுக்குள் போயிற்று. ரயில் நின்ற இடத்தில் ஓர் ஊர் உண்டாயிற்று. ஊர் என்று சொல்வதே அதிகம். பாதை பராமரிக்கும் தொழிலாளரின் சில வீடுகள், ஒரு நிலையம், ஒரு தொட்டி, அவ்வளவுதான். கடை கிடையாது. அரிசி பருப்பு வாங்குவது போல அவர்களுக்கு எல்லாமே ரயிலில் வந்தாக வேண்டும். 'டீ அண்ட் சுகர்' என்று பெயர் பெற்ற ஒரு ரயில் மளிகையும் இறைச்சியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு பாதையோரக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும். இறைச்சிக் கடைக்காரர் தம் பெட்டியிலேயே இறைச்சி வெட்டி விற்பார். 1917 முதல் 1996 வரை அந்த ரயில் ஓடியது. பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒருவரும் டிசம்பர் மாதத்தில் அதில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பாராம். அந்தத் தனிமையில் வளர்ந்த ரயில்வே தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய நாளாக இருந்திருக்கும்!

பாலைவன மக்களோ வழக்கம்போல ஊற்றை நாடி வந்தார்கள். இப்போது ஊற்றருகே இயந்திரம் இருந்தது. ஊற்றுநீர் ரயிலுக்குச் சொந்தமாகியிருந்தது. தண்டவாளத்தருகே மாவும் சர்க்கரையும் தேயிலையும் கிடைக்கும் என்று கண்டார்கள். ரயில் நிற்கும்போது தாங்கள் செதுக்கிய பூமராங்குகளையும் மரப் பண்டங்களையும் பயணிகளிடம் விற்றார்கள். சன்னல் வழியாகச் சிலர் காசு எறிவார்கள். பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். சொந்த நிலத்தில் விருந்து கொடுத்து வாழ்ந்தவர்கள், அந்நியரின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. ரயிலோடு புதிய நோய்களும் வந்தன.

1926 அளவில் ஊற்று கைவிட்டது. மேலும் மேலும் தண்ணீர் வேண்டித் தோண்டியதில், நன்னீரைத் தாங்கியிருந்த அந்தக் களிமண் படுகையே துளைபட்டுப் போனது. கிணறுகள் பயன்படாமல் போக, ரயில்வே தன் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டது. வேறிடத்துத் தண்ணீரைத் தொட்டிவண்டிகளில் கொண்டுவர ரயில்வேக்கு வழி இருந்தது. எண்ணற்ற தலைமுறைகளைக் காத்த ஊற்றைத் தளரச் செய்ய, பத்தாண்டுகூடத் தேவைப்படவில்லை. அண்ணாச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடமுள்ள பதில் இதுதான். பெலிஸ்தராவது பகையினால் மூடினார்கள். இங்கே யாருக்கும் பகையில்லை. வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறை மட்டுமே இருந்தது.

இதற்குள் ஒரு பெண்மணி அங்கே வந்து கூடாரம் அடித்திருந்தார். டெய்சி பேட்ஸ். அயர்லாந்தில் பிறந்தவர். 1919-இல், ஏறக்குறைய அறுபது வயதில் வந்து, பதினாறு ஆண்டுகள் ரயில் பாதையோரக் கூடாரத்தில் வாழ்ந்தார். அந்த வெயிலிலும் உயர்ந்த கழுத்துப்பட்டையும் கையுறையும் தொப்பியுமாக, பழைய காலத்து ஆங்கிலச் சீமாட்டி போலவே உடுத்துவார். நோயாளிகளைப் பராமரித்தார்; தம்மிடம் இருந்ததைக் கொடுத்து உணவளித்தார். ஆனால் அந்த மக்கள் அழிந்துபோகப் போகிறவர்கள், அவர்களுடைய கடைசி நாட்களைச் சற்று இலகுவாக்குவதே செய்யக்கூடியது என்று அவர் நம்பினார். அப்படியே எழுதவும் செய்தார். அவர்களைப் பற்றி ஆதாரமில்லாத கொடிய பழிகளையும் எழுதினார். ஒரு கையால் ரொட்டி கொடுத்து, மறு கையால் மரண அறிவிப்பு எழுதுகிற இரக்கம் அது. அவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் புகழ் பெற்றவர். நினைவுக்கல்லும் அங்கே இருக்கிறது.

நமக்கு நெருக்கமான பகுதி 1933-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆனி லாக் என்ற மிஷனெரி அம்மையார் ஊல்டியாவுக்கு வந்தார். ஐக்கிய பூர்வகுடி மிஷன் என்ற சங்கத்தைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு 57 வயது. ஏறக்குறைய என் வயதுதான். இந்த வயதில் எனக்குச் சேகரத்தின் கிளைச் சபைகளைச் சுற்றிவருவதற்கே மூட்டு வலிக்கிறது. அவரோ அதற்குள் முப்பது ஆண்டுகள் அந்தக் கண்டத்தின் வறண்ட பகுதிகளில் தனியாக ஊழியம் செய்திருந்தார். 1928-இல் மத்திய ஆஸ்திரேலியாவில் கோனிஸ்டன் என்ற இடத்தைச் சுற்றிப் பூர்வகுடிகள் பலர் ஒரு காவலரின் தலைமையில் சென்ற கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்த அரசுக் குழு, கொலையாளிகளைக் குற்றவாளிகளாகக் காணாமல், பூர்வகுடிகள் நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மிஷனெரி வாழ்ந்ததையும் கலவரத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லிற்று. அந்தப் பெண் இந்த ஆனி லாக்தான். அப்படிப்பட்ட பழியைச் சுமந்துகொண்டும் ஊழியத்தை விடாதவர்.

ரயில்வே கைவிட்ட ஊற்றருகேதான் மிஷன் எழும்பியது. இரும்புத் தகடு வேய்ந்த கட்டடங்கள், பள்ளிக்கூடம், பிள்ளைகள் விடுதி, ஆராதனை. பெரிய நீரேற்றம் நின்றுபோன மணலில் ஒரு சிறு கூட்டத்துக்கு வேண்டிய தண்ணீர் இன்னும் கிடைத்தது. வறட்சிக் காலங்களில் வடக்கிலிருந்து மக்கள் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். அரசு தரும் உணவுப் பங்கும் மிஷன் கையால்தான் வழங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பலர் அங்கே எழுத்தறிவு பெற்றார்கள், சுவிசேஷத்தைக் கேட்டார்கள். அங்கே விசுவாசத்துக்குள் வந்து, கடைசிவரை அதில் நிலைத்தவர்களும் உண்டு. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனாலும் முழுதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை விடுதியில் வைத்ததன் ஒரு நோக்கமே, பெற்றோரின் வாழ்க்கை முறையிலிருந்து அவர்களைப் பிரிப்பதாயிருந்தது. பெரியவர்கள் குன்றுகளுக்கு அப்பால் முகாமிட்டிருப்பார்கள். பிள்ளைகள் விடுதிக்குள் வேறொரு ஒழுங்கில் வளர்வார்கள். மக்களின் சடங்குகளையெல்லாம் மொத்தமாக இருளின் கிரியைகள் என்று ஒதுக்கினார்கள். 1941-இல் ரொனால்ட் பெர்ன்ட், கேத்தரின் பெர்ன்ட் என்ற மானிடவியல் தம்பதியர் அங்கே மாதக்கணக்கில் தங்கி, அந்த மக்களின் உறவுமுறைகளையும் கதைகளையும் சட்டங்களையும் பதிவு செய்தார்கள். மிஷனெரிகள் எட்டு ஆண்டு அருகிலேயே இருந்தும் காணாத செழுமையை அவர்கள் சில மாதங்களில் கண்டார்கள். கேட்கும் காது வேறாக இருந்தது. நம் நாட்டுக்கு வந்த மிஷனெரிகளில் தமிழைக் கற்று, ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களும் உண்டு, நம் முன்னோரின் எல்லாவற்றையும் குப்பையென்று தள்ளியவர்களும் உண்டு. இரண்டு வகையினரையும் நாம் அறிவோம். நாம் இன்று எந்த வகை என்று நம் கிளைச் சபையாரைத்தான் கேட்க வேண்டும்.

1952 ஜூன் மாதம் மிஷன் திடீரென்று மூடப்பட்டது. ஏன் தெரியுமா? தண்ணீர் வற்றியதால் அல்ல. பணமில்லாத காரணமும் முதன்மையானதல்ல. மிஷன் சங்கத்துக்குள்ளேயே ஒரு பிளவு ஏற்பட்டது. யாருக்கு அதிகாரம், யார் பேச்சு நடக்க வேண்டும் என்ற வழக்கு. ஈசாக்கின் வேலைக்காரர் வெட்டிய துரவு ஒன்றுக்கு ஏசேக்கு என்று பெயர் விழுந்ததே, வாக்குவாதம் என்ற பொருளில். அந்தப் பெயர் ஊல்டியாவுக்கும் பொருந்தும். தூரத்து நகரங்களில் இருந்த விசுவாசிகள் ஒருவரோடொருவர் பிணங்கிக்கொண்டதன் விலையைப் பாலைவனத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளாக, எங்களிடம் வாருங்கள், இங்கே தங்குங்கள் என்று அழைத்துப் பழக்கிய கைகள், மிகக் குறைந்த அவகாசத்தில் கதவைச் சாத்தின. என் ஊழியக்காலத்தில் கமிட்டிக் கூட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே உயர்ந்த சத்தங்களை நினைக்கையில், இந்தப் பத்தியை எழுத என் விரல் கூசுகிறது.

அந்த மக்கள் எங்கே போவார்கள்? பலருக்கு வடக்கே தங்கள் சொந்தச் சிவந்த மண்ணுக்குப் போக விருப்பம். ஆனால் 1947 முதல் ஊமெரா ஏவுகணைத் திட்டத்துக்காக வடபகுதியின் பரந்த நிலம் விலக்கப்பட்டிருந்தது. சிலர் மேற்கே வேறொரு மிஷனுக்குப் போனார்கள். பெரும்பாலோர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கடலோரத்தருகே அரசு வாங்கியிருந்த யலாட்டா என்ற ஆட்டுப் பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1954 முதல் லுத்தரன் சபை அதை மிஷனாக நடத்தியது. அங்கே மண் சாம்பல் நிறம். சிவந்த மணலில் பிறந்து நடந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் மண் ஒருநாளும் சொந்தமாகவில்லை என்பதை அவர்கள் சந்ததியார் இன்றும் சொல்கிறார்கள். தேரிக்காட்டுச் செம்மணலைக் காலில் ஒட்டிக்கொண்டு பட்டணம் போன நம்மவர்களுக்கு இது புரியாமல் போகாது.

பிறகு நடந்தது ரயிலின் கதையோ மிஷனின் கதையோ மட்டுமல்ல. ஊல்டியாவுக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத ஓரிடத்தை, ஆஸ்திரேலிய அரசின் சம்மதத்தோடு பிரிட்டன் அணுகுண்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. மரலிங்கா என்று பெயரிட்டார்கள். இடி என்று பொருள்படும் அந்தச் சொல்லும் அந்த மக்களின் மொழியிலிருந்து எடுத்ததன்று. வெகு தொலைவில், வடமுனைப் பகுதியில் வழங்கிய ஒரு மொழியிலிருந்து கடன் வாங்கியது. ஈசாக்கு பழைய பெயர்களைத் தேடி வைத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏழு பெரிய குண்டுகள் அங்கே வெடிக்கப்பட்டன. 1963 வரை சிறு சோதனைகள் தொடர்ந்தன. புளூட்டோனியம் மண்ணில் சிதறிக் கிடந்தது. நிலத்தில் மக்கள் யாரும் இல்லாதிருக்கப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட கண்காணிப்பு அதிகாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நிலமோ நம் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றைச் சேர்த்தாலும் நிரம்பாத பரப்பு.

1957 மே மாதம் ஒரு நாள் காலை, குண்டு வெடித்த ஒரு பள்ளத்தருகே படைவீரர்கள் ஒரு குடும்பத்தைக் கண்டார்கள். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய நாய்கள். இரவு அங்கேதான் படுத்திருந்தார்கள். ஏழு மாதத்துக்கு முன் குண்டு குடைந்த பள்ளம் அது. வடக்கே மலைநாட்டிலிருந்து கால்நடையாய் வந்துகொண்டிருந்தார்கள். எங்கே போகிறார்கள் என்றால், ஊல்டியாவுக்கு. மிஷன் மூடப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தது. அவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அங்கே தண்ணீர் இருக்கும், ரயில் இருக்கும், உறவினர் இருப்பார்கள், மிஷன் வீட்டில் மாவு கிடைக்கும் என்று நம்பி நடந்தார்கள்.

அவர்களைக் கதிர்வீச்சுக் கருவியால் சோதித்தார்கள்; குளிக்கச் செய்தார்கள். நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். பின் வண்டியில் ஏற்றி யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தாய் அப்போது கர்ப்பவதி. அந்தப் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. பிற்காலத்தில் 1984, 1985 ஆண்டுகளில் அமைந்த அரசு விசாரணை ஆணையத்தின் முன்பாக அந்தத் தாய் வந்து தம் வாயாலேயே சாட்சி சொன்னார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். ஆகார் பெயெர்செபாவின் வனாந்தரத்தில் துருத்தியின் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியடியில் விட்ட காட்சியைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அங்கே தேவன் அவள் கண்களைத் திறந்தார். ஒரு துரவைக் கண்டாள். இந்தத் தாய் நடந்து வந்த வழியில் இருந்த துரவுக்கு நாமல்லவா, நம்மைப் போன்ற ஞானஸ்நானம் பெற்றவர்களல்லவா, காவலாக இருந்தோம்?

1984-இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஒரு சட்டம் இயற்றி, அந்த நிலத்தின் பெரும்பகுதியை அதன் மக்களிடம் திரும்பக் கொடுத்தது. அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே திரும்பிப்போய் ஓக் வேலி என்ற சிறு குடியிருப்பை உண்டாக்கினார்கள். சோதனை நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. ஊல்டியாவில் இன்று வீடுகள் இல்லை. மிஷன் இருந்த இடத்தை மணற்குன்றுகள் நகர்ந்து வந்து பெரும்பாலும் மூடிவிட்டன. சிட்னியிலிருந்து பெர்த் போகும் 'இந்தியன் பசிபிக்' ரயில் 1970 முதல் அந்த வழியாகத்தான் போகிறது. இரண்டு சமுத்திரங்களை வைத்து இட்ட பெயர் அது; நம்மவர்கள் ஏறுவதால் வந்ததல்ல. டீசல் என்ஜினுக்கு ஊற்றுநீர் தேவையில்லை. அந்த மக்களோ ஊற்று இருந்த இடத்தை மறக்கவில்லை. தங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய், இது இன்னாருடைய இடம், இந்தக் கதை இங்கே நடந்தது என்று பழைய பெயர்களோடு சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். நம் சேகரத்தில் பழைய ரயில்வே குடியிருப்பை ஒட்டி ஒரு ஜெப வீடு இருப்பதை எல்லாரும் அறிவீர்கள். மீட்டர்கேஜ் இருந்த நாளில் அங்கே நாற்பது குடும்பங்கள் ஆராதித்தன. அகலப்பாதை வந்தபின் வண்டிகள் அங்கே நிற்பதில்லை, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, இன்று மீந்திருப்பவை நான்கு. கூரை ஒழுகுகிறது. அதை மூடிவிட்டு, இடத்தை வாடகைக்கு விடலாம் என்ற தீர்மானம் அடுத்த சேகரக் கமிட்டியின் முன்பாக வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன், அதற்குச் சம்மதம் என்று முதலில் தலையசைத்தவன் நான்தான். கணக்குப் பார்த்தால் அது சரியாகவே தெரிந்தது. இப்போதும் கணக்கு மாறவில்லை. ஆனால் அந்த நான்கு குடும்பங்களிடம் இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை இந்த வாரம்தான் உணர்ந்தேன். மூடும் செய்தியை அவர்கள் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதை நான் விரும்பவில்லை.

ஆகையால் கமிட்டி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டத்தை ஆலய அலுவலகத்தில் வைக்காமல், அந்த ஜெப வீட்டிலேயே வைக்கிறோம். நான்கு குடும்பத்தாரும் இருப்பார்கள். முதலில் அவர்கள் பேசுவார்கள். கேள்வி கேட்ட அண்ணாச்சியும் வருகிறார். தம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் அதுதான் என்று அவர் சொன்னபின்தான் எனக்குத் தெரியும். என்ஜின்களுக்குத் தண்ணீர் ஊற்றிய பழைய தொட்டி இடிந்து கிடக்கிறது; அதன் பக்கத்துக் கிணறு இன்னும் இருக்கிறது; தண்ணீரும் நன்றாகவே இருக்கிறது. வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர வேண்டாம்.